நினைவிலிருக்கும் வீட்டை நீலத்தில் அச்சிடுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் "உங்கட இடம் எது?" என்று கேட்டால் பலர் ஒரு கணம் யோசிப்பார்கள். இப்போது குடியிருக்கும் இடமா, பிறந்து வளர்ந்த இடமா, அடையாள அட்டையில் உள்ள இடமா? மூன்றும் மூன்றாக இருப்பது இங்கே சாதாரணம். தேசம், இனம், குடியுரிமை என்று மேடைகளில் பேசப்படும் சங்கதிகள் வீட்டுக்குள் வரும்போது இந்தக் கேள்வியாகத்தான் வருகின்றன. இங்குள்ள சமகாலக் கலைஞர்களுக்கு வீடும் வளவும் வேலியும் தீராத பொருளாக இருப்பதும் இதனால்தான். யாழ். பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்களை அவர்கள் இழந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து வரையவைத்தார். அந்தப் படங்களைக் கட்டடக் கலைஞரின் வரைபடமாகவும் தன்னுடைய சித்திரமாகவும் மாற்றி 2011இல் நூலாக்கினார். நூலின் தலைப்பில் வரும் 'தோம்பு' ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயர்.

இங்கே தரும் முறை வேறு. 10 பேர் வரைந்த வீட்டுப் படங்களை வேட்டித் துணியில் நீல அச்சாக எடுத்து, ஊர் வாசிகசாலை மண்டபம் ஒன்றில் தொங்கவிடுவதற்கான வழிகாட்டி இது. சயனோரைப் என்ற இந்த அச்சுமுறையை 1842இல் யோன் ஹேர்ஷல் கண்டுபிடித்தார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை கட்டட வரைபடங்களைப் பிரதியெடுத்தது இதில்தான். 'புளூபிரின்ற்' என்ற சொல்லே அதிலிருந்து வந்தது. கட்டப்போகும் வீட்டுக்குப் பயன்பட்ட அச்சில் இல்லாமற்போன வீட்டை எடுக்கிறோம். ஆகவே வேறு நிறம், வேறு முறை தேடவேண்டாம். பொருளும் முறையும் ஏற்கனவே ஒட்டித்தான் இருக்கின்றன.

இரண்டு பேர் சேர்ந்தால் ஆறு கிழமையில் முடிக்கலாம். முதல் மூன்று கிழமை ஆட்களோடும் படங்களோடும் போகும். அச்சு வேலை ஒரு கிழமைதான். மழை தொடங்கும் ஐப்பசி முதல் மார்கழி வரை இதைத் தொடவேண்டாம்: வெயிலும் இல்லை, துணியும் காயாது. மாசி முதல் ஆவணி வரை நல்லது. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெயில் தாராளமாகக் கிடைக்கும். ஆனால் புழுதியும் பறக்கும், கண்ணாடிக்கு அடியில் கடதாசி அசையும். அதற்கு என்ன செய்வது என்பது பின்னால் வருகிறது.

யாரிடம் கேட்பது

இந்த வேலை கெடுவதும் தப்புவதும் இந்தப் பட்டியலில்தான். தெரிந்த 10 பேரைப் பிடித்தால், ஒரே ஊர், ஒரே சாதி, ஒரே மாதிரியான கல்வீடு 10 வந்து சேரும். பிறகு சுவரில் "யாழ்ப்பாணத்து வீடு" என்று எழுதினால் அது பொய்.

1995 ஒக்டோபர் 30இல், போரில், குடாநாட்டின் மேற்கேயுள்ள வலிகாமம் முழுவதும் வெறுமையாகிக் கிழக்கேயுள்ள தென்மராட்சிப் பக்கம் நடந்தது எல்லோருக்கும் நினைவு. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30இல், யாழ். நகர முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டார்கள். ஒரே தேதி. அவர்கள் வாழ்ந்த சோனகத் தெரு வீடொன்றின் படம் இல்லாமல் இந்தக் கண்காட்சியைத் திறக்கக்கூடாது. அவர்களில் பலர் குடியேறிய புத்தளத்துக்குப் போய்த்தான் வரையவைக்க வேண்டுமென்றால் போகவேண்டும். ஒரு நாள் பயணச் செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். போருக்கு முன் நகரத்தில் பேக்கரி நடத்திய சிங்களக் குடும்பங்கள் இருந்தன. அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்க முடிந்தால் அவரையும் கேளுங்கள். மற்றவர் காணியில் குடியிருந்தவர்கள், காணி உறுதி என்ற ஒன்றையே கையில் வைத்திராதவர்கள், முகாம் கொட்டிலில் பிறந்து அங்கேயே வளர்ந்தவர்கள் ஆகியோரில் இரண்டு பேராவது வேண்டும். அவர்களுக்கும் வீடு இருந்தது, அளவு மட்டும்தான் வேறு.

கேட்கும்போதே நான்கு விடயத்தைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் வரையும் மூலப்படம் உங்களுக்கே திரும்பி வரும். துணி அச்சு இரண்டு எடுப்போம், ஒன்று உங்களுக்கு. பெயர் போடுவதா, முதலெழுத்து மட்டும் போடுவதா, ஒன்றும் போடாமல் விடுவதா என்பது உங்கள் விருப்பம். கண்காட்சி திறக்கும் காலை வரை "வேண்டாம்" என்று சொல்லலாம், காரணம் கேட்கமாட்டோம். இவற்றைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சம்மதிப்பதைத் தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யலாம்.

வரையவைத்தல்

தேவையானவை: ஏ2 அளவு சித்திரத் தாள், 2பி பென்சில் நான்கு, அழிறப்பர், தாளை ஒட்ட மறைப்பு நாடா, கடினமான பலகை. ஒருவருக்கு இரண்டு மணி முதல் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரே நாளில் இரண்டு பேருக்கு மேல் வைக்கவேண்டாம். கேட்கிறவர்தான் முதலில் களைத்துப்போவார்.

"வீட்டைக் கீறுங்கோ" என்று தாளை நீட்டினால் "எனக்குக் கீறத் தெரியாது தம்பி" என்ற பதிலோடு நின்றுவிடும். வீட்டில் தொடங்காமல் ஒழுங்கையில் தொடங்குங்கள்.

"அம்மா, பள்ளிக்கூடத்தால வரேக்க ஒழுங்கையில எந்தப் பக்கம் படலை?"

"இடக்கைப் பக்கம்."

"அதில ஒரு கோடு போடுங்கோ. படலையைத் திறந்து உள்ளுக்கு வந்தா முதல்ல காலில படுறது என்ன?"

"மண். குருமணல். கூட்டின ஈர்க்குத் தடம் இருக்கும்."

இந்த இடத்திலிருந்து கை தானாக நகரும். அடுத்த கேள்விகள் எல்லாம் காலாலும் கையாலும் நினைவுகூரக்கூடியவையாக இருக்கட்டும். கிணற்றடியிலிருந்து குசினிக்கு எத்தனை எட்டு? துலாவா, கப்பியா? மழைக்கு எந்தப் பக்கம் தூவானம் அடிக்கும்? தலைவாசலில் யார் படுப்பார்கள்? பக்கத்து வீட்டுக்குப் போக வேலியில் பொட்டு எங்கே இருந்தது? வேலி கிடுகா, பனையோலையா, கதியால் கிளுவையா பூவரசா? பங்கர், அதாவது பதுங்குகுழி, எங்கே வெட்டினீர்கள்? "எப்படி இருந்தது?" என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். அது வீட்டைக் கொண்டுவராது, பெருமூச்சைத்தான் கொண்டுவரும்.

பென்சிலை வாங்கித் திருத்தாதீர்கள். அளவுகோல் கொடுக்காதீர்கள். கிணறு வீட்டளவு பெரிதாக வந்தால் பெரிதாகவே இருக்கட்டும். பங்கர் விறாந்தையை விட அகலமாக வருவது மிகச் சாதாரணம். அதற்குள் கழிந்த இரவுகள் அத்தனை. சுவர்கள் ஒட்டாமல் நிற்கும், மாமரம் கூரைக்கு மேல் படுத்திருக்கும், சாமி அறை மட்டும் முன்பக்கத் தோற்றமாகவும் மற்றதெல்லாம் மேலிருந்து பார்த்ததாகவும் இருக்கும். கட்டடப் படம் வாசிக்கத் தெரிந்தவருக்குக் கை துருதுருக்கும் இடம் இது. நாற்சார் வீடு என்றால் நான்கு பக்கமும் இருக்கவேண்டுமே, இவர் மூன்றுதானே கீறியிருக்கிறார் என்று நினைப்பீர்கள். நான்காவது பக்கம் சித்தப்பாவின் பங்காக இருந்திருக்கலாம். பேச்சுவார்த்தை முறிந்ததும் நினைவிலிருந்தும் போயிருக்கலாம். கேட்கலாம், ஆனால் கீறிச் சேர்க்கக்கூடாது.

காணியின் அளவைப் பரப்பு என்ற யாழ்ப்பாணக் கணக்கில் சொல்வார்கள்: "இரண்டு பரப்பு வளவு" என்று. அதை அவர்கள் சொன்னபடியே படத்தில் எழுதவிடுங்கள், பேர்ச்சஸுக்கு மாற்றவேண்டாம். பார்க்க வருபவருக்கு விளங்கவேண்டுமென்றால் 16 பரப்பு ஒரு ஏக்கர் என்று வாசலில் ஒரு வரி எழுதிவைத்தால் போதும்.

சுவரில் தொங்கக்கூடாத தகவல்களும் உண்டு. உறுதி இலக்கம், எல்லைக்காரர் பெயர், காணி யார் யாருக்குப் பங்கு என்ற விவரம் ஆகியவை படத்தில் வந்துவிட்டால், பிரதியெடுக்கும்போது விட்டுவிடச் சம்மதம் கேளுங்கள். காணி வழக்கு நடக்கிற ஊரில் கண்காட்சிப் படமும் ஒருநாள் யாராவது ஒருவர் கையில் ஆதாரமாகப் போகும். நகையைப் புதைத்த இடம் என்று புள்ளி வைப்பவர்களும் இருக்கிறார்கள். எடுத்தாயிற்றா என்று கேட்கவும் வேண்டாம், அந்தப் புள்ளியைப் பிரதியெடுக்கவும் வேண்டாம். யாரேனும் இறந்த இடத்தைக் குறித்தால் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்லித் தேத்தண்ணி குடியுங்கள். தொடர்வதா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

பிரதியெடுத்தல்

மூலப்படம் இரசாயனத்தின் பக்கமே வரக்கூடாது. முடிந்த அன்றே தொலைபேசியில் நேர்மேலிருந்து ஒரு படம் எடுத்துவிட்டு, அதன்மேல் ஏ2 ட்ரேசிங் தாளை ஒட்டிக் கறுப்பு மையால் பிரதியெடுங்கள். 90 கிராம் தாள் நல்லது; மெல்லியது வியர்வைக் கையில் நெளியும். சாதாரண சைன் பேனையின் கோடு கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் வெயிலை உள்ளே விடும், அச்சில் வெளிர் நீலமாக வரும். சித்திர மையோ எண்ணெய் மார்க்கரோ எடுத்து, காய்ந்தபின் அதே கோட்டில் இரண்டாம் தடவை போகவேண்டும். தாளை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள்: கோடு எங்கேயாவது மண்ணிறமாகத் தெரிந்தால் அங்கே மை போதாது.

கை நடுக்கத்தையும் நடுக்கமாகவே எடுங்கள். வெட்டிவிட்டு மறுபடி கீறிய கோடு இருந்தால் இரண்டும் வரட்டும். ஒரு படத்துக்கு மூன்று மணி நேரமாவது போகும். இந்த வேலையைக் கணினிக் கடையில் கொடுத்தால் அரை மணியில் முடித்துத் தருவார்கள்; எல்லாச் சுவரும் நேராகிவிடும், வீடு யாருடையதோ ஆகிவிடும்.

துணி

எட்டு முழ வேட்டி இரண்டு வாங்கினால், கரையை நீக்கி 50 × 65 சென்ரிமீற்றர் அளவில் ஒவ்வொன்றிலும் 10 துண்டு, மொத்தம் 20 துண்டு வரும். அது 10 பேருக்கும் இரண்டு பிரதிக்குச் சரி. பழுதாவதற்கென்று நாலு முழம் ஒன்று கூடுதலாக எடுங்கள். முழுப் பருத்தியாக இருக்கவேண்டும். பொலியெஸ்டர் கலந்திருக்கிறதா என்று தெரிய ஒரு நூலை உருவி எரித்துப் பாருங்கள்: பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகி மணியாக உறையும். கலப்புத் துணியில் நீலம் பிடிக்காது, கழுவும்போது வடிந்துவிடும்.

புது வேட்டியில் கஞ்சியும் வெளுப்பு மருந்தும் இருக்கும். 5 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா போட்டு அரை மணி நேரம் அவித்து, வழுவழுப்பு முற்றாகப் போகும்வரை அலசவேண்டும். சோடா காரம், துளி மிஞ்சினாலும் பின்னால் நீலத்தைத் தின்னும். ஆகவே கடைசி அலசலில் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு எடுங்கள். காய்ந்தபின் வெட்டுங்கள், முன்பு வெட்டினால் சுருங்கிக் கோணலாகும். வெள்ளைத் துண்டுகளை வெட்டி ஒழுங்கையோரம் வரிசையாகக் கொடியில் போடவேண்டாம்: செத்த வீடு என்று நினைத்து அயலவர்கள் விசாரிக்க வந்துவிடுவார்கள்.

சில வீடுகளில், காலமான தகப்பனாரின் வேட்டியை எடுத்துக்கொடுத்து இதில் அச்சிடுங்கள் என்பார்கள். 20 அச்சில் குறைந்தது இரண்டு பழுதாகும். அதைச் சொல்லியபின்னும் தந்தால் மட்டும் வாங்குங்கள். வாங்கினால் அதைக் கடைசியாக, கை பழகியபின் அச்சிடுங்கள்.

இரசாயனம்

இரண்டே பொருள்: பெரிக் அமோனியம் சிற்றேற்று 100 கிராம், பொற்றாசியம் பெரிசயனைட்டு 40 கிராம். முதலாவதில் பச்சை நிற வகையைக் கேளுங்கள்; மண்ணிற வகை மெதுவாக வேலை செய்யும், வெள்ளையில் கறை விடும். ஆய்வுகூடப் பொருள் விற்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கும். திடீரென்று போய் நின்றால் கிடைக்காது.

தராசு ஒரு கிராம் காட்டவேண்டும். பாத்திரங்கள் பிளாஸ்ரிக் அல்லது கண்ணாடி. இரும்பும் அலுமினியமும் ஆகாது. கரைக்கக் கிணற்றுத் தண்ணீர் எடுக்கவேண்டாம். கராஜ்களில் பற்றரிக்கு விடும் வடித்த தண்ணீர் போதும்.

'அ' கரைசல்: சிற்றேற்று 100 கிராமை 300 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து, பிறகு மொத்தம் 400 ஆக நிரப்புங்கள். 'ஆ' கரைசல்: பெரிசயனைட்டு 40 கிராம், அதே மாதிரி மொத்தம் 400. இரண்டையும் தனித்தனி மண்ணிறப் போத்தலில் அடைத்து, ஒரு இரவு விட்டு எடுங்கள். தனித்தனியாக இருக்கும்வரை கிழமைக் கணக்கில் இருக்கும். 'அ' போத்தலில் பூஞ்சணம் மிதக்கத் தொடங்கினால் துணியில் வடித்துவிட்டுப் பாவிக்கலாம். கலந்த கரைசல் சில மணி நேரத்துக்குத்தான். ஆகவே அன்றைக்குத் தேவையான அளவை மட்டும் சமபங்காகக் கலவுங்கள். ஒரு துண்டுக்கு 30 மில்லிலீற்றர் என்று வைத்தால், ஓர் இரவில் ஐந்து துண்டுக்கு 'அ' 75, 'ஆ' 75. நாலு இரவில் 20 துண்டும் முடிந்து, பரீட்சைக்கும் பழுதுக்கும் 200 மில்லிலீற்றர் மிஞ்சும்.

கையுறை கட்டாயம், சாப்பாட்டுப் பாத்திரம் எதுவும் கூடாது. பெரிசயனைட்டை வன்மையான அமிலத்தோடு சேர்க்கவோ சூடாக்கவோ கூடாது. நச்சு வாயு வரும். கழிப்பறை கழுவும் அமிலம் இருக்கும் மூலையில் இந்தப் போத்தலை வைக்கவே வேண்டாம். சின்னப்பிள்ளைகள் உள்ள வீட்டில் பூட்டு உள்ள அலுமாரி தேவை.

பூசுவதும் காயவைப்பதும்

இருட்டியபின், யன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, சிறிய மஞ்சள் பல்ப் ஒன்றின் வெளிச்சத்தில் பூசுங்கள். வெள்ளை ரியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். துண்டைப் பிளாஸ்ரிக் தாளின்மேல் விரித்து, இரும்புப் பிடியில்லாத ஸ்பொஞ்சால் முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் இழுங்கள். ஊற்றித் தேய்த்தால் குளமாக நிற்கும், காயும்போது அந்தக் குளத்தின் கரை கோடாக வரும். துணி நனைந்திருக்கவேண்டும், சொட்டக்கூடாது.

காயவைக்கும்போது கொடியில் செங்குத்தாகப் போட்டால் கரைசல் அடிப்பக்கம் இறங்கிப் பாதிப் படம் கறுக்கும், பாதி வெளிறும். இரண்டு கொடிகளில் தொட்டில் மாதிரிக் கிடையாகத் தொங்கவிட்டு, காற்றாடியைத் தூரத்தில் சுழலவிடுங்கள். காய்ந்த துணி எலுமிச்சம்பழத் தோலின் மஞ்சட்பச்சையாக இருக்கும். அந்த நிறம் நீலமாகத் திரும்பியிருந்தால் எங்கேயோ வெளிச்சம் புகுந்திருக்கிறது; அந்தத் துண்டை பரீட்சைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்ததைக் கறுப்புப் பையில் சுற்றி மறுநாளே அச்சிடவேண்டும்.

வெயில்

காலை 10.30 முதல் பிற்பகல் 2 மணி வரையான வெயில். அடியில் பலகை, அதன்மேல் மெல்லிய ஸ்பொஞ்ச், அதன்மேல் துணி, அதன்மேல் ட்ரேசிங் தாள், எல்லாவற்றுக்கும் மேல் 5 மில்லிமீற்றர் சாதாரண யன்னல் கண்ணாடி. நாலு பக்கமும் பெரிய கிளிப். சோளகக் காற்றில் கோடு மங்குவதற்கு முதற் காரணம் கண்ணாடி துணியை அழுத்தாமல் இருப்பதுதான். ஸ்பொஞ்ச் இல்லாமல் பலகைமேல் நேரே வைத்தால் நடுப்பகுதி எப்போதும் தளரும். ட்ரேசிங் தாளை, வாசிக்கிற பக்கம் மேலே இருக்கும்படி வையுங்கள். மாறி வைத்தால் "கிணத்தடி" என்று எழுதியது கண்ணாடியில் பார்த்த மாதிரி வரும். அவசரத்தில் எல்லோரும் ஒரு தடவை விடும் பிழை இது.

எத்தனை நிமிடம் என்பதை உங்கள் துணியும் தாளும்தான் சொல்லும். பூசிய துணியில் ஒரு கீலத்தை எடுத்து, அதே மையில் கோடு போட்ட ட்ரேசிங் துண்டின் அடியில் வைத்து, கறுப்பு அட்டையால் படிப்படியாக மூடி 6, 9, 12, 15, 18 நிமிடம் காட்டுங்கள். கழுவிக் காய்ந்தபின் பாருங்கள். பின்னணி அடர்ந்தும் கோடு வெள்ளையாகவும் எந்த நிமிடத்தில் இருக்கிறதோ அது உங்கள் நேரம். முகில் வந்தால் மணிக்கூட்டை நம்பவேண்டாம், ஒரு மூலைக் கிளிப்பைக் கழற்றித் தாளை விரலளவு தூக்கிப் பாருங்கள். மஞ்சள் முதலில் பச்சையாகும், பிறகு நீலமாகும், கடைசியில் சாம்பல் படர்ந்து துருப்பிடித்த தகரம் மாதிரி மங்கும். அந்த மங்கல்தான் எடுக்கவேண்டிய நேரம். நல்ல நீலமாக இருக்கிறதே என்று முந்தி எடுத்தால் பாதி நீலம் வாளித் தண்ணீரோடு போய்விடும்.

கழுவுதல்: கிணற்றுத் தண்ணீரின் சிக்கல்

வேறு ஊர்க்காரர் எழுதிய செய்முறைகளில் "குழாய்த் தண்ணீரில் பத்து நிமிடம் அலசுக" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த ஒரு வரியில்தான் எல்லாம் கெடும். குடாநாட்டின் நிலம் சுண்ணக்கல். அதில் ஊறி வரும் தண்ணீர் வன்தண்ணீர், காரப்பக்கம் சாய்ந்தது. கேத்தலின் அடியில் வெள்ளைப்படை கட்டுவது அதனால்தான். இந்த அச்சின் நீலமோ காரம் பட்டால் சிதையும். வலிகாமத்துக் கிணற்றுத் தண்ணீரில் நெடுநேரம் ஊறவிட்ட அச்சு, ஓரங்களில் மஞ்சளித்து நடுவில் சோகை பிடித்த மாதிரி வெளிறும். பிழை இரசாயனத்தில் இருக்கிறது என்று நினைத்து எத்தனை தடவை கரைத்தாலும் திருந்தாது.

மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே மேல். இல்லையென்றால் மூன்று வாளி முறை: முதல் வாளியில் 5 லீற்றர் கிணற்றுத் தண்ணீருக்கு 5 மேசைக்கரண்டி வினாகிரி. துணியை முகம் கீழாகப் போட்டு மெல்ல அசைக்கவேண்டும். மஞ்சள் கரைந்து வெளியேறும், கோடுகள் வெளுக்கும். மூன்று நிமிடம். இரண்டாவது வாளியில் அதே கலவை புதிதாக, ஐந்து நிமிடம். மூன்றாவதில் வினாகிரியைப் பாதியாக்கி ஐந்து நிமிடம். கோட்டில் மஞ்சள் மிஞ்சியிருந்தால் இரண்டாவதைத் திரும்பச் செய்யுங்கள். மிஞ்சிய மஞ்சள் பின்னால் வெளிச்சத்தில் நீலமாகிக் கோட்டையே மூடும்.

முழு நீலம் வர ஒரு நாள் ஆகும். வரைந்தவர் பக்கத்தில் நின்று பார்க்கிறார் என்றால், மருந்துக்கடையில் கிடைக்கும் 3 வீத ஐதரசன் பேரொட்சைட்டை லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி விட்டு, அதில் துணியைத் தோய்த்தெடுங்கள். கண்முன்னே கருநீலமாகும். அச்சின் தரத்துக்கு இது தேவையில்லை. அந்த முகத்தைப் பார்ப்பதற்காகச் செய்யலாம்.

முதல் வாளியின் தண்ணீரைக் கிணற்றடியில் ஊற்றவே கூடாது. சுண்ணக்கல்லில் வெடிப்பு வழியாக எது எங்கே போகும் என்று சொல்லமுடியாது, அயலின் குடிதண்ணீரும் அதே நிலத்தடி நீர்தான். கலனில் சேர்த்து, கழிவை முறையாக அகற்றும் ஆய்வுகூடம் ஒன்றோடு முன்னமே பேசிக் கொடுத்துவிடுங்கள். 20 துண்டையும் ஐந்தைந்தாகக் கழுவினால் இந்த முதல் வாளித் தண்ணீர் மொத்தம் 20 லீற்றர்தான் வரும். ஊர் நினைவைப் பற்றிக் கண்காட்சி வைத்துவிட்டு ஊர்க் கிணற்றைக் கெடுத்தால், வந்து பார்ப்பவர்கள் கேட்கும் முதற் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

பிழைத்தால்

பின்னணி முழுக்க வெளிறினால் வெயில் போதவில்லை, அல்லது துணியில் சோடா மிஞ்சியிருக்கிறது. கோடு நீலமாக வந்தால் மை போதவில்லை, அல்லது வெயில் மிஞ்சியது. பரீட்சைக் கீலத்தைப் பார்த்தால் எது என்று தெரியும். கருநீலப் பொட்டுகள் பூசும்போது விழுந்த துருத்தூள், கொடிக்கம்பியைப் பாருங்கள். அலைஅலையாகப் பட்டைகள் இருந்தால் பூசியது சீரில்லை. நன்றாக வந்த அச்சு கொடியில் காயும்போது மஞ்சளித்தால் கடைசி அலசலில் வினாகிரி விடவில்லை. உடனே வினாகிரித் தண்ணீரில் போட்டால் ஓரளவு மீட்கலாம்.

தொங்கவிடுதல்

சுண்ணாம்பு அடித்த சுவரில் துணியை ஒட்டவே கூடாது. சுண்ணாம்பும் காரம், ஈரக்காற்றில் சுவர் வியர்க்கும்போது துணியின் முதுகிலிருந்து நீலம் போகும். சுவரிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் தள்ளிச் சட்டம் அடித்துத் தொங்கவிடுங்கள், இல்லையேல் மண்டபத்தின் குறுக்கே கயிறு கட்டி வேட்டி காயப்போட்ட மாதிரி மரக் கிளிப்பால் பிடியுங்கள். இரண்டாவது நன்றாக இருக்கும்: வருகிறவர்கள் வீடுகளுக்கு நடுவே நடக்கலாம், பின்பக்கமும் பார்க்கலாம். துணியின் நடு தரையிலிருந்து 145 சென்ரிமீற்றர் உயரத்தில் வரட்டும். நேர்வெயில் படும் யன்னலை மூடுங்கள். மூன்று கிழமைக்கு மேல் வைக்கவேண்டாம்; வெளிச்சத்தில் நீலம் மெல்ல மங்கும், எடுத்து இருட்டில் வைத்தால் ஓரளவு திரும்பவும் வரும்.

வரிசையை ஊர்வாரியாகவோ இனவாரியாகவோ பிரிக்கவேண்டாம். சோனகத் தெரு வீடு ஒரு மூலையில் தனியே நின்றால், 1990இல் நடந்ததைச் சுவரில் திரும்பச் செய்ததாகிவிடும். கிணறு உள்ளது, இல்லாதது என்று அடுக்கலாம். வரைந்த தேதிப்படியும் அடுக்கலாம்.

பெயர்த்துண்டு தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்று மொழியிலும் வேண்டும். வரைந்தவர் தன் இடத்தை என்ன சொல்லிக் கூப்பிட்டாரோ அந்தப் பெயர், விட்டுப்போன ஆண்டு, அவர் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வரி, இவ்வளவும் போதும். "போரின் வடு", "தாயக ஏக்கம்" என்றெல்லாம் நாமாக எழுதிச் சேர்க்கவேண்டாம். "பொட்டு" என்பதை "வேலியில் துவாரம்" என்று மொழிபெயர்த்தால் அந்த வீடுகளுக்கிடையே இருந்த உறவு போய்விடும். "அயல்வீட்டுக்குப் போகும் வழி" என்று சிங்களத்தில் சொல்லிக் கொடுங்கள். சிங்களப் பகுதியைச் சிங்களம் தாய்மொழியான ஒருவர் வாசித்துத் திருத்தவேண்டும். அரச பெயர்ப்பலகைகளில் தமிழைக் கொன்றிருக்கிறார்கள் என்று நாம் கோபப்படுகிறோம், அதையே நாம் செய்யக்கூடாது. எழுத்து 18 புள்ளிக்குக் குறையவேண்டாம். வயதானவர்கள்தான் அதிகம் வருவார்கள், நாலைந்து கதிரையும் போடுங்கள்.

திறக்கும் நாளுக்கு முதல் நாள் மாலை, வரைந்த 10 பேரையும் அவர்கள் வீட்டாரையும் மட்டும் கூப்பிடுங்கள். யாராவது தன் துணியை எடுக்கச் சொன்னால் அங்கேயே கிளிப்பைக் கழற்றி மடித்துக் கையில் கொடுங்கள். அந்த இடத்தை வேறு படத்தால் நிரப்பவேண்டாம், கயிற்றில் இரண்டு கிளிப் வெறுமையாக இருக்கட்டும்.

மூலப்படத்தையும் அவர்களுக்கான துணியையும் அதே மாலையில் கையளித்துவிடுங்கள். கண்காட்சி முடிந்தபின் தருகிறோம் என்றால் பாதி போய்ச் சேராது. துணியோடு ஒரு சிறு குறிப்பு வையுங்கள்: சவர்க்காரம் போடவேண்டாம், அழுக்கானால் வெறும் மழைத்தண்ணீரில் அலசுங்கள், மடிக்காமல் சுருட்டி, கழுவிய பழைய பருத்தித் துணியில் சுற்றி அலுமாரியில் வையுங்கள். மற்றப் பிரதி யாரிடம், எந்த முகவரியில், எத்தனை காலத்துக்கு இருக்கும் என்பதும் அதே தாளில் இருக்கவேண்டும்.